தறியில் பிடித்து வைத்த புடவை

என் அண்ணி ஏலவார்குழலி ஒரு மனிதருக்கு ஒன்பது வருஷம் பாயசம் போடாமல் இருந்தவள். அவர் எங்கள் சித்தப்பா. கல்யாணத்தன்று பந்தியில் உட்கார்ந்துகொண்டு, பெண் வீட்டார் போட்ட சங்கிலி கண்ணுக்கே தெரியவில்லையே என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்த விசேஷமானாலும் பாயச வாளியை அண்ணிதான் தூக்குவாள். வரிசையாக ஊற்றிக்கொண்டே வருவாள். சித்தப்பா இலை வந்ததும் யாரோ கூப்பிட்டதுபோலத் திரும்பிப் பார்ப்பாள். பிறகு அடுத்த இலைக்குப் போய்விடுவாள். ஒன்பதாவது வருஷம் சித்தப்பாவே எழுந்து நின்று, தப்புத்தாம்மா, எனக்கும் ஒரு கரண்டி ஊத்து என்றார். இரண்டு கரண்டி ஊற்றினாள்.

இப்படிப்பட்டவளிடம்தான் தர்மன் போய் வம்பு வைத்துக்கொண்டான்.

நாங்கள் பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பம். அண்ணி ஐயம்பேட்டைப் பெண். அவள் பிறந்த வீட்டிலும் தறிதான். என் அண்ணன் தினகரனுக்கு மட்டும் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் பத்து நிமிஷம் பொறுக்காது. ஐடிஐயில் பிட்டர் படித்தான். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டில் இருந்தான். பிறகு யாரோ சொல்லிக் கப்பலுக்குப் போனான், இஞ்சின் அறையில் வேலை. வீட்டில் அண்ணியும் நானும். என் பெயர் சம்பூர்ணம், கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல் திரும்பி வந்தவள். நாங்கள் நெய்வது கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்பதால் அது ஒரு ஆளால் ஆகாது. அண்ணி நடுவில் உட்கார்ந்து நெய்வாள், நான் ஓரத்தில் உட்கார்ந்து கரை நூலைக் கொண்டுபோகும் நாடாவைத் திருப்பி விடுவேன். காலை ஏழு மணியிலிருந்து ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு இருப்பதால் அவள் மனசில் ஓடுவது எனக்குத் தெரியாமல் போகாது.

2008ஆம் வருஷம் ஆவணி மாசம், அண்ணன் இருந்த கப்பலைச் சோமாலியாப் பக்கம் கடற்கொள்ளையர்கள் பிடித்துக்கொண்டார்கள். கடற்கொள்ளையர் என்றால் குழந்தைகள் பார்க்கும் பொம்மைப் படத்தில் வருகிறவர்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். கப்பலில் இருந்தது பதினெட்டுப் பேர். ஆறாவது நாள் அண்ணனைப் போனில் பேச விட்டார்கள். நானும் காதை ஒட்டி வைத்துக் கேட்டேன்.

"குழலி, பயப்படாத. அடிக்கல. துப்பாக்கிய வெச்சிக்கினு நிக்கிறானுங்க, அவ்ளோதான். உம்மேல எங்களுக்கு ஒண்ணும் கோவம் இல்லப்பான்றான். கப்பல்காரன்தான் எங்களுக்கு வேணும்ன்றான். தர்மன் சாரைப் போய்ப் பாரு."

தர்மன்தான் அண்ணனைக் கப்பலில் ஏற்றிவிட்ட ஏஜெண்ட். சென்னையில் பாரிமுனைப் பக்கம் ஒரு மாடியில் ஆபீஸ். அண்ணி என்னையும் கூட்டிக்கொண்டு விடியற்காலை பஸ்ஸில் போனாள். மாடிப்படியிலேயே எங்களைப்போல இன்னொருத்தி நின்றுகொண்டிருந்தாள். அன்னம்மாள், வாலாஜாபாத்துக்காரி. அவள் புருஷன் கண்ணாயிரத்தையும் அதே கப்பலுக்கு தர்மன்தான் அனுப்பியிருந்தான். கண்ணாயிரத்துக்குச் சர்க்கரை வியாதி. மாத்திரைச் சீட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ரெண்டு மாசத்து மாத்திரைதான் எடுத்துக்கினு போனாரு என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தர்மன் எங்களை நிற்க வைத்தே பேசினான். மேசைமேல் போன், போனுக்குப் பக்கத்தில் சாமி படம், படத்துக்குப் புதுச் சாமந்தி.

"யாரும்மா தினகரன்? அப்படி ஒரு ஆளை நான் அனுப்பவே இல்லையே. நீ வேற எங்கயாவது போய் விசாரி."

மூன்று வருஷம் அண்ணன் அவனுக்குத் தீபாவளிக்குத் தீபாவளி வேட்டி எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். அண்ணி அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, யாரோ கூப்பிட்டதுபோலத் திரும்பினாள், பந்தியில் சித்தப்பா இலைக்கு முன்னால் திரும்புகிற மாதிரி.

கப்பல் துறை அலுவலகத்தில் ஒரு அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். கப்பலின் கொடி ஒரு நாட்டினுடையது, சொந்தக்காரன் இருப்பது துபாயில், பிடித்து வைத்திருப்பவன் சோமாலியாவில், ஆள் இந்தியன் என்று விளக்கினார். உங்கள் வீட்டுக்காரர் அந்தக் கப்பலில்தான் இருக்கிறார் என்பதற்கு ஒப்பந்தக் காகிதம் வேண்டும், அது இருந்தால் நான் மேலே எழுதுவேன், தூதரகம் கப்பல்காரன் கழுத்தைப் பிடிக்கும் என்றார். ஒரு மனுஷனைத் தூக்கிக்கொண்டு போனதில் நாலு நாடு சம்பந்தப்பட்டிருந்தது, கேட்க ஒரு நாடும் இல்லை. ஒப்பந்தத்தின் ஒரு பிரதி அண்ணனோடு கப்பலில். இன்னொன்று தர்மனிடம். ஆள் அனுப்ப தர்மனுக்கு உரிமமே கிடையாது என்பதையும் அந்த அதிகாரிதான் சொன்னார். காகிதத்தைக் கொடுத்தால் அவன் மாட்டிக்கொள்வான். அதனால்தான் அந்தக் கப்பலுக்குத் தான் அனுப்பிய அஞ்சு ஆம்பளைகளையும் அவன் பிறக்காதவர்களாக ஆக்கிவிட்டான்.

அதற்குப் பிறகு அன்னம்மாளும் நாங்களும் எத்தனையோ தடவை அந்த மாடி ஏறினோம். கார்த்திகையில் ஒரு நாள் ஏறியபோது தர்மன் இல்லை. அவன் மனைவி இருந்தாள். யாரிடமோ போனில், பெண்ணுக்குத் தை மாசம் கல்யாணம், முகூர்த்தப் புடவை இன்னும் அமையவில்லை, கடையில் காட்டுவது எதுவும் மனசுக்குப் பிடிக்கவில்லை என்று அலுத்துக்கொண்டிருந்தாள். எங்களை அவளுக்குத் தெரியாது. அண்ணியின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவ்வளவு இனிப்பாக அவள் பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

"நாங்க காஞ்சீவரம் தறிக்காரங்கமா. பொண்ணு பேரைச் சொல்லி, பொண்ணு கையாலயே மொத ஊடை போட வெச்சி நெய்ஞ்சித் தரோம். எங்க தெருவுல முகூர்த்தப் புடவைன்னா அப்படித்தான்."

அடுத்த வெள்ளிக்கிழமை தாயும் பெண்ணும் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். நாங்கள் கூலிக்கு நெய்யும் மாணிக்கவாசகம் முதலாளிதான் பட்டும் ஜரிகையும் கொடுத்தார். நல்ல கிராக்கி பிடித்துக் கொடுத்தாய் என்று அண்ணியை மெச்சினார். தறியில் நீளவாக்கில் கட்டிய பாவுக்கு மஞ்சள் வைத்து, பெண்ணின் பெயர் சொல்லி, அவள் கையில் நாடாவைக் கொடுத்துக் குறுக்கே ஒரு ஊடை இழை போட வைத்தோம். பெண்ணின் பெயர் ஸிந்துஜா. நல்ல பெண்தான், தறிக்குழியில் இறங்கும்போது செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள். எங்கள் வழக்கப்படி, பெண் முதல் ஊடை போட்ட புடவையை விட்டு வேறு புடவையில் தாலி ஏறக்கூடாது. தாய்க்காரி இதை இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

அவர்கள் போனதும் நான் கேட்டேன், அந்தம்மா நல்ல மாதிரியாக இருக்கிறாளே, இப்போதே விஷயத்தைச் சொல்லிக் காகிதத்தைக் கேட்டால் என்ன என்று. இப்ப கேட்டா எழுந்து வேற வூட்டுக்குப் போயிடுவா, புடவை முந்தானை வரைக்கும் வரட்டும் என்றாள். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. தர்மனைக் கெஞ்ச வைக்க வேண்டும் என்று எனக்கும் வெறி இருந்தது, நான் ஒன்றும் உத்தமி இல்லை.

அரக்கு உடல், பச்சைக் கரை. எத்தனையோ முகூர்த்தப் புடவை நெய்திருக்கிறோம், இப்படி ஒரு நெசவை நான் பார்த்ததில்லை. ஒரு இழை பிசகினாலும் பிரித்துத் திரும்பப் போட்டாள். பதினைந்து நாள் வேலை ஒரு மாசத்துக்கு மேல் ஆனது. இந்த வேசி மகன் வீட்டுக்கு எதற்கு இத்தனை நேர்த்தி, கரையில் நாலு இடத்தில் ஓட்டை விட்டால்தான் என் மனசு ஆறும் என்றேன். அண்ணி நாடாவை நிறுத்திவிட்டுச் சொன்னாள்:

"கெட்ட சரக்கை வெச்சிக்கினு எவன்கிட்ட பேரம் பேசறது, சம்பூர்ணம்? அவனுங்க கப்பலை உடைச்சிட்டானுங்களா? பத்திரமா வெச்சிக்கினுதான கேக்கறானுங்க."

தை ஒன்பதாம் தேதி முந்தி முடிந்தது. கல்யாணம் தை இருபத்திரண்டு. வழக்கமாக அன்றைக்கே அறுத்து மடித்துக் கொடுத்துவிடுவோம். அண்ணி அறுக்கவில்லை. தறியிலேயே ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்திவிட்டு, தர்மன் மனைவிக்குப் போன் போட்டாள். புடவை தயார், உங்கள் வீட்டுக்காரர் அஞ்சு பேருடைய ஒப்பந்தக் காகிதத்தோடு நேரில் வந்தால் அறுத்துத் தருகிறேன் என்றாள். தான் யார் என்பதையும் சொன்னாள். சொல்லிவிட்டுப் போனை அணைத்து அரிசிப் பானைக்குள் போட்டாள். மூன்று நாள் எடுக்கவில்லை. கொள்ளைக்காரர்கள் கப்பல்காரனிடம் அப்படித்தான் செய்கிறார்கள் என்று அண்ணன் ஒரு தடவை போனில் சொல்லியிருந்தான்.

முதலில் வந்தவர் மாணிக்கவாசகம் முதலாளி. என் பட்டு, என் ஜரிகை, உனக்கு என்ன உரிமை என்று வாசலிலேயே சத்தம் போட்டார். இனிமேல் பாவு கிடையாது என்றார். சரிங்க முதலாளி, இந்தப் பாவு மட்டும் முடியட்டும் என்றாள் அண்ணி. தறியிலிருந்து ஆளைத் தூக்கிவிட்டுப் புடவையை அறுக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. மஞ்சள் வைத்த பாவை நெய்தவள் தவிர இன்னொருத்தர் அறுக்க எங்கள் தெருவில் எவனும் ஒப்ப மாட்டான்.

அடுத்தது தர்மன். காரை விட்டு இறங்கும்போதே கத்திக்கொண்டு இறங்கினான். போலீசைக் கூப்பிடுவேன் என்றான்.

"கூப்புடு. வந்தா கேப்பாங்க இல்ல, ஏம்மா புடவையைப் புடிச்சி வெச்சிக்கினு இருக்கேன்னு? நானும் சொல்லணும் இல்ல?"

தெருவே கூடி நின்று பார்த்தது. அவன் முகத்தில் வேர்வை வழிந்தது. எனக்கு உண்மையாகவே ஆனந்தமாக இருந்தது, மறைப்பானேன். அன்றைக்கு அவன் வெறும் கையோடு போனான். ஆனால் போனது மனைவியிடம் அல்லவா, முதல் இழை போட்ட புடவை தறியில் நிற்கும்போது வேறு புடவையில் தாலி கட்டினால் பெண் வாழ்வாளா என்று அவள் சோறு தண்ணி இல்லாமல் படுத்துவிட்டாளாம். அவன் சாமி படத்துக்குச் சாமந்தி போடுகிற வீடு, சகுனத்துக்குப் பயப்படாமல் என்ன செய்யும்?

அதற்கடுத்த நாள் அண்ணி போனை அரிசிப் பானையிலிருந்து எடுத்துத் துடைத்து உயிர்ப்பித்தாள். உடனே அந்தப் பெண்ணே கூப்பிட்டது. பெண் அழுதுகொண்டே, நான் உங்களுக்கு என்ன செய்தேன் என்று கேட்டது.

"உம்மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்லம்மா," என்றாள் அண்ணி. "உங்க அப்பாதான் எனக்கு வேணும்."

அந்த வார்த்தையை நாங்கள் யார் வாயிலிருந்து கேட்டோம் என்று அவளுக்கும் தெரியும். போனை அணைத்தாள்.

தை பத்தொன்பது, கல்யாணத்துக்கு மூன்றே நாள். தர்மன் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு ஒரு பச்சை பைலோடு வந்தான். இந்தத் தடவை 'நீங்க' என்று பேசினான். அண்ணி அவனைத் தறிக்கு எதிரே தரையில் உட்காரச் சொன்னாள். பைலில் இருந்த அஞ்சு பேர் பெயரையும், அப்பா பெயரோடு, ஊரோடு, உரக்கப் படிக்கச் சொன்னாள். படித்தான். தினகரன், காஞ்சிபுரம் என்று அவன் வாயால் வந்தபோது அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணாயிரம், வாலாஜாபாத் என்பதைச் சரியாகக் கேட்கவில்லை என்று இன்னொரு தடவை படிக்க வைத்தாள். பிறகு காகிதங்களை என் கையில் கொடுத்துப் பெட்டியில் வைக்கச் சொல்லிவிட்டு, புடவையை அறுத்தாள்.

இதைப் போலீசுக்குக் கொடுத்துவிடாதீங்க என்றான் தர்மன்.

"புடவைக்குக் காகிதம். பேசுனது அவ்ளோதான்."

முகூர்த்தப் புடவையை நாங்கள் சும்மா எடுத்துக் கொடுப்பதில்லை. மூலையில் மஞ்சளும் குங்குமமும் வைத்து, நெய்தவள் தன் வாயால் 'தீர்க்க சுமங்கலியா இரு' என்று சொல்லிப் பெண் கையில் வைக்க வேண்டும். அண்ணி மஞ்சள் வைத்தாள், குங்குமம் வைத்தாள், புடவையை ஸிந்துஜா கையில் வைத்தாள். வாயைத் திறக்கவில்லை. தாய்க்காரி ஒரு நிமிஷம் காத்திருந்து பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லிக் கொடும்மா என்று கெஞ்சினாள்.

"என் புருசன் வந்து இந்த வாசப்படி ஏறட்டும். அன்னைக்கு வாங்க, சொல்றேன்."

தர்மனைவிட அந்த அம்மாள்தான் பிறகு ஓடினாள். வாக்கு வாங்காத தாலி தன் மகள் கழுத்தில் கிடக்கிறதே என்ற பயம் அவளை உட்கார விடவில்லை. கப்பல் துறை அலுவலகத்தில் நாங்கள் காகிதத்தைக் கொடுத்த அன்றைக்கே, தர்மனையும் இழுத்துக்கொண்டு வந்து வாக்குமூலம் எழுத வைத்தாள். துபாய்க்காரன் நம்பர் அவனிடம் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறது. தூதரகம் பேசியது, பத்திரிகையில் அஞ்சு பேருடைய படமும் வந்தது, கப்பல்காரனால் அதற்குமேல் ஒளிய முடியவில்லை. சித்திரைக் கடைசியில் கப்பலை விட்டார்கள். உரிமம் இல்லாமல் ஆள் அனுப்பியதற்கு தர்மன்மேல் வழக்குப் பதிவாகி, சில வாரம் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தான். அவன் ஆபீஸ் பூட்டிக் கிடப்பதை அண்ணி சென்னைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பூட்டை இழுத்துக்கூடப் பார்த்தாளாம்.

அண்ணன் பாதி ஆளாக வந்து சேர்ந்தான். கண்ணாயிரம் வரவில்லை. மாத்திரை தீர்ந்து, காலில் பட்ட காயம் புரையோடி, தை மாசம் முதல் வாரம் கப்பலிலேயே செத்துப்போனார் என்று அண்ணன் சொன்னான். அப்போது எங்கள் தறியில் முந்தி ஓடிக்கொண்டிருந்திருக்கும். நான் இதைக் கணித்துப் பார்த்தேன், அண்ணியும் பார்த்திருப்பாள். இரண்டு பேரும் வாய் விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை. தர்மன்தான் கொன்றான் என்று சொல்லிக்கொண்டோம். அது பொய்யும் இல்லை. புடவைக் கதையை அண்ணி சொன்னபோது அண்ணன் சிரிக்கவில்லை. அந்தப் பொண்ணு அழுதுச்சா என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

ஆனி மாசம் ஒரு காலையில் தாயும் மகளும் வந்தார்கள். ஸிந்துஜா மூன்று மாசம் முழுகாமல் இருந்தாள். அதே அரக்குப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். உங்க வூட்டுக்காரர் வந்துட்டாருன்னு கேள்விப்பட்டோம், நீங்க சொன்ன வார்த்தை என்று தாய்க்காரி கையைக் கூப்பினாள். அண்ணன் உள்ளே இருந்தான். அவனுக்கும் கேட்கும்.

அண்ணி எழுந்து வந்தாள். சொல்லிவிடுவாள், எல்லாம் இதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் இல்லை என்று தெரிந்துவிட்டது.

"என் புருசன் வந்துட்டாரு. கண்ணாயிரம் வரல. உங்க வூட்டுக்காரரு காகிதத்தை அழுத்தி வெச்சிக்கினு இருந்தாரே, அதுலதான் அந்த மனுசன் போனாரு. அன்னம்மாள்னு பொண்டாட்டி, வாலாஜாபாத்துல இருக்கா. நேரா அவகிட்ட போங்க. அவ வாயால சொல்லட்டும் உன்னைத் தீர்க்க சுமங்கலியா இருன்னு. அப்புறம் வாங்க, நான் சொல்றேன்."

தாய்க்காரிக்கு முகம் வெளுத்துவிட்டது. தாலி அறுத்தவளிடம் போய், வயிற்றுப் பிள்ளையோடு நின்று, அந்த வாக்கைக் கேட்பதா என்று மகள் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தாள். பாயசம் போடாமல் அடுத்த இலைக்குப் போகிறவள் முகம் எப்படி இருக்குமோ அப்படித்தான் அண்ணி முகம் அப்போது இருந்தது. எனக்கும் உள்ளே குளிர்ந்தது. இதைவிடப் பெரிய அடி அந்தக் குடும்பத்துக்கு யாராலும் கொடுக்க முடியாது.

ஸிந்துஜா தாயின் கையை எடுத்துவிட்டாள். அழவில்லை. நான் போறேன் என்றாள்.

"வாலாஜாபாத்துல எந்தத் தெருங்க?"

அண்ணி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். எத்தனை நாள் அன்னம்மாளோடு பாரிமுனை மாடிப்படியில் உட்கார்ந்து ஒரே டப்பாவில் புளிசாதம் சாப்பிட்டிருக்கிறோம். கண்ணாயிரம் செத்துப்போனது தெரிந்து இரண்டு மாசம் ஆகியிருந்தது. இங்கிருந்து வாலாஜாபாத்துக்கு அரை மணிக்கு ஒரு பஸ் இருக்கிறது. அவள் எந்தத் தெருவில் இருக்கிறாள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.